வேதகிரி சொன்ன கிணறு

மூன்றாவது வரிசையில் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்த கைக்குழந்தை வேதகிரியைப் பார்க்கவில்லை. மேடையில் அவருக்கு இடப்பக்கம், அவருடைய இடுப்பு உயரத்தில், ஒன்றுமில்லாத ஓர் இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அவர் அப்போது பேச்சை நிறுத்தியிருந்தார். அந்தக் கதையில் அந்த இடத்தில் எப்போதும் நிறுத்துவார். "குழந்தையைக் கிணற்றில் தள்ளியது யார் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, மைக்கை வாயிலிருந்து சற்று விலக்கி, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவார். மின்விசிறிகளின் கரகரப்பும், கீழே உத்திரமேரூர் கடைத்தெருவில் காஞ்சிபுரம் பேருந்து விடும் ஹாரனும், பிளாஸ்டிக் நாற்காலியில் யாரோ நெளியும் சத்தமும் மட்டும் கேட்க, கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்திருக்கும். ஐந்து முடிந்ததும், குரலைத் தாழ்த்தி, "பெற்ற தாய்" என்பார்.

இன்று மூன்று எண்ணும்போதே குழந்தை சிரித்துவிட்டது. கை நீட்டி எதையோ பிடிக்கப் பார்த்தது. அதன் அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு அதை மறுபக்கம் திருப்ப, அது கழுத்தை ஒடித்துத் திரும்பி மறுபடியும் அதே இடத்தைப் பார்த்தது. வேதகிரி தன் இடப்பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று ஏன் தோன்றியது என்று அவருக்கே தெரியவில்லை. "பெற்ற தாய்" என்று அவசரமாகச் சொல்லி முடித்தார். கை தட்டினார்கள்.

மாதம் ஒருமுறை நடக்கும் வாசகர் கூட்டம் அது. கீழே பைப்பும் பெயின்ட்டும் விற்கும் நஜிமுதீன், கடைக்கு மேலே இருந்த கூடத்தை அதற்கென்றே ஒழித்துக் கொடுத்திருந்தார். இந்த மாதத் தலைப்பு, 'நாட்டார் நம்பிக்கைகளும் மாந்திரீகமும்'. கல்லூரியில் தமிழ் நடத்தும் வேதகிரிக்கு இந்த மேடைகள் பன்னிரண்டு வருடப் பழக்கம். முனி, மோகினி, பில்லி, ஏவல் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் இந்தக் கதையைச் சொல்வார். ஊருக்கு ஊர் இதைத்தான் கேட்டார்கள்.

நஜிமுதீன் சால்வை போர்த்த மேடையேறியபோது கால் வழுக்கித் தடுமாறினார். மைக் ஸ்டாண்டின் இடப்பக்கம் தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"டேங்க் ஒழுவுது போல சார், ஒரே பேஜாரு" என்று அண்ணாந்து பார்த்தார். கூரை காய்ந்து கிடந்தது. கத்திரி வெயிலில் இரண்டு நாளாகக் குழாயில் தண்ணீரே வரவில்லை என்று மைக் கட்டியவர் முணுமுணுத்தார். அந்தத் தண்ணீரிலிருந்து வாசனை வந்தது. பாசி, துருப்பிடித்த வாளி, வெயிலே படாத கல். வேதகிரிக்குத் தெரிந்த வாசனைதான். போன மாதம் மதுராந்தகத்தில் பேசிவிட்டுத் திரும்பும்போது காரின் பக்கத்து இருக்கை நனைந்திருந்தது. ஏசி ஒழுகுகிறது என்று மெக்கானிக்கிடம் காட்டினார். மெக்கானிக் ஒன்றும் இல்லையென்றார். அதற்கு முந்தைய கூட்டத்தில் வேட்டியின் இடது ஓரம் முழங்கால் வரை ஈரமாகியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு காரணம் வைத்திருந்தார்.

உண்மையான காரணம் ஒன்று இருந்தது. அதை அவர் நினைப்பதில்லை.

தென்னேரிக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் செல்லம்மாள் என்ற பெண்ணை மூன்று மதியங்கள் உட்காரவைத்து அவள் பேச்சைப் பதிவு செய்திருந்தார். அவளுடைய ஆறு வயது மகள் டெங்கு காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தக் குழந்தை தினமும் வீட்டுக்கு வருவதாகவும், அடுப்படியில் உட்கார்ந்து ஒரு பிடி ரசம் சோறு தின்றுவிட்டுப் போவதாகவும் செல்லம்மாள் சொன்னாள். பயமாக இல்லையா என்று கேட்டதற்கு, பெற்ற பிள்ளையிடம் என்ன பயம் என்று அவரையே திருப்பிக் கேட்டாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள், பாப்பாவின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், பெயர் சொன்னால் அது திரும்பிப் பார்க்கும்.

முதல் கூட்டத்தில் அந்தக் கதையை உள்ளபடியே சொன்னார். யாரையும் அது அசைக்கவில்லை, பின்வரிசையில் செல்போன் பார்த்தார்கள். அடுத்த கூட்டத்தில் காய்ச்சலை எடுத்துவிட்டு ஒரு கிணற்றை வைத்தார். அதற்கடுத்த கூட்டத்தில் அந்தக் கிணற்றில் தாயே தள்ளினாள் என்றார். ஒரு பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். கதைக்கு உயிர் வர ஒரு பெயர் வேண்டியிருந்தது. கீர்த்தி என்ற உண்மைப் பெயரையே சொன்னார். செல்லம்மாள் பெயரையும் சொன்னார். ஊர்ப் பெயரையும். யாரோ அதை வீடியோ எடுத்துப் போட்டார்கள். அந்த ஊர்க்காரர்களும் பார்த்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்த பிறகும் பதினேழு மேடைகளில் சொல்லிவிட்டார்.

கூட்டம் கலைந்தது. நஜிமுதீன் டீ சொல்லக் கீழே போனார். மேற்கு ஜன்னல் வழியே கடைசி வெயில் நாற்காலிகளின் மேல் மஞ்சளாகக் கிடந்தது. அவர் பையை எடுக்கத் திரும்பியபோது, கடைசி வரிசையில் ஒருத்தி இன்னும் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. எழுந்து வந்தாள்.

"என்னெத் தெரிதா சார்?"

தெரிந்தது. முடி முழுக்க நரைத்திருந்தது. சண்டை போடுவாள், போலீசுக்குப் போவேன் என்பாள், காலில் இருப்பதைக் கழற்றுவாள் என்று இத்தனை மாதமும் எதிர்பார்த்து, பதில்களும் தயார் செய்து வைத்திருந்தார். அவள் எதையும் செய்யவில்லை. தெருக்குழாய்க்குப் போனால் பெண்கள் தங்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறார்கள் என்றாள். கொழுந்தன் வீட்டில் பேச்சு நின்றுவிட்டது என்றாள். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஊரு பேசிக்கினு போவட்டும் சார். அதுக்கு நான் வர்ல." பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "பாப்பா வர்றதில்ல. தை மாசத்துலருந்து. மொதல்ல வாசப்படி வரிக்கும் வந்து நின்னுச்சி. நான் கிட்ட போனா பின்னாலயே போச்சி. என்னெப் பாத்து பயப்படுது சார். நீங்க சொன்னத அது நம்பிடுச்சி."

கீழே ஷட்டர் பாதி இறங்கும் சத்தம்.

"மேலெல்லாம் தண்ணி. ஜுரத்துல செத்த கொயந்த சார் அது. ஒடம்பு நெருப்பாக் கொதிச்சி என் மடிலதான் போச்சி. அதுக்கு எங்கருந்து சார் தண்ணி?"

எல்லாம் மனப்பிரமை என்று சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவருக்கு இடப்பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். இடுப்பு உயரத்தில்.

"உங்ககிட்டதான் கீது" என்றாள். "அதுக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க சார். நான் தள்ளலன்னு."

அவர் சட்டையின் இடது ஓரம் கீழே இழுபட்டது. மெதுவாக. ஒரு சின்னப் பிடி.

"கீர்த்தி" என்றார். பிடி அசைந்தது. அது முகத்தைத் தூக்கி அவரைப் பார்க்கிறது என்று தெரிந்தது. குனியவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க அம்மா உன்னைத் தள்ளலை. அது பொய். நான்தான் சொன்னேன். அந்தக் கிணறே இல்லை."

சொல்லும்போதே அவருக்குக் கேட்டது. தழுதழுக்க வேண்டிய இடத்தில் குரல் தழுதழுத்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நின்றது. பன்னிரண்டு வருடமாகப் பழகிய குரல். பொய் சொன்ன அதே வாயில், அதே ஏற்ற இறக்கத்தில், உண்மை இன்னொரு கதையைப்போலவே ஒலித்தது.

செல்லம்மாள் ஓரடி முன்னால் வந்தாள்.

பிடி இறுகியது. சட்டைத் துணி நடுங்கியது. அவருடைய தொடையில் ஈரமான நெற்றி ஒன்று பதிந்து ஒளிந்துகொண்டது. குளிர். பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் சத்தம்.

அவள் நின்றாள். ஓரடி பின்னால் வைத்தாள். பிடி தளர்ந்தது. மறுபடி முன்னால். மறுபடி இறுகியது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் அழவில்லை, அழுவதற்கான இடத்தையும் தாண்டி எங்கோ போயிருந்தது. பையிலிருந்து ஒரு சின்ன டிபன் பாக்ஸை எடுத்து மேடையின் ஓரத்தில், எட்டி நின்றபடியே, வைத்தாள்.

"ரசஞ்சோறு சார். இந்த நேரத்துக்கு அதுக்குப் பசிக்கும். தெனம் வெளக்கு வெக்கிற நேரத்துல குடுத்துடுங்க. ஆறிப்போனா துன்னாது."

அவர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அவருக்கே கேட்கவில்லை. அவள் படியிறங்கினாள். திரும்பிப் பார்க்காமல், காலை மெல்ல மெல்ல வைத்து, தூங்கும் குழந்தையைத் தாண்டிப் போகிறவள்போல. சத்தம் கேட்டுப் பயந்துவிடக் கூடாதே என்று.

வெயில் போய்விட்டது.

பிடி மேலே ஏறியது. பெல்ட். விலா. தோள். ஒரு முழங்கால் அவர் இடுப்பில் ஊன்றியது. பிறகு எடை. ஆறு வயதுப் பிள்ளையின் முழு எடை. நனைந்த முடி அவர் கழுத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டு சில்லிட்ட கைகள் கழுத்தைச் சுற்றிக் கோத்துக்கொண்டன. அவருடைய இடது கை, அவரைக் கேட்காமலேயே, மடங்கி அதைத் தாங்கிக்கொண்டது.

காதுக்குள் மூச்சு. பாசி வாசனை. ரகசியமான, நடுங்கும் குரல்.

"அவ பூட்டாளா?"

கீழே காஞ்சிபுரம் பேருந்து கிளம்பியது. யாருமில்லாத நாற்காலிகளுக்கு முன்னால் வேதகிரி இடது கையை மடக்கி நின்றுகொண்டிருந்தார். இறக்கிவிட முடியவில்லை. அவர் விலா வழியாகத் தண்ணீர் இறங்கி, வேட்டியை நனைத்து, மேடை விளிம்பைத் தாண்டி, மூடிய டிபன் பாக்ஸைச் சுற்றிக்கொண்டு, நாற்காலிகளுக்கு அடியில் வரிசை வரிசையாகப் பரவிக்கொண்டிருந்தது.