நாற்பத்தொரு மூச்சு

சிட்டு மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

மழை விட்டும் ஜன்னல் தகரத்தில் சொட்டு நிற்காத அந்த மதியத்தில், கம்ப்யூட்டரின் இரைச்சலுக்கும் காயாத துணிகளின் முடைநாற்றத்துக்கும் நடுவே வேலையாக இருந்தவனுக்கு, வாசற்படியில் நின்று மகள் பேசியது முதலில் சிரிப்பைத்தான் மூட்டியது.

"வணக்கம் மக்களே! என் பொம்மையெல்லாம் பாக்கலாமா?"

அப்படியே அவள் மாமாவை உரித்து வைத்திருந்தாள். மாமா, அதாவது அவனுடைய மச்சான், வீடியோவில் பேசியே பிழைப்பவர். அதை வெட்டி ஒட்டுவது இவன் வேலை. "கேப் விட்டா ஆள் ஓடிருவான் மாப்ள" என்பார் மச்சான். அதனால் வாக்கியத்துக்கு நடுவே இழுக்கிற மூச்சு, யோசிக்கிற நொடி, எல்லாம் கத்தரிக்குப் போகும். வெட்டு உறுத்தாமலிருக்க, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் முகத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி வைப்பான்.

நேற்று சிட்டுவையே பேச வைத்து எடுத்தார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆர்வத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. நாற்பத்தொரு மூச்சு. ஒன்று விடாமல் வெட்டினான். காலையில் வீடியோவை ஏற்றியதும், இடம் போதவில்லை என்று எடுத்ததையெல்லாம் அடியோடு அழித்தான்.

"இது யானை இதுக்கு ஒரு காது இல்ல ஆனா நல்லா கேக்கும்!"

"மெதுவா பேசுடா தங்கம். தண்ணி குடிக்கிறியா?"

திரும்பினான். அலமாரி பக்கத்தில் நின்றாள். நடந்தால் கீச்சிடும் செருப்பு காலில்தான் இருந்தது. கீச்சென்ற சத்தம் மட்டும் கேட்கவேயில்லை. கையில் யானையும் இல்லை.

வார்த்தைக்கு வார்த்தை நேற்றைய பேச்சு.

கண்ணை இமைத்தான். நாற்காலி அருகே இருந்தாள். முகம் கொஞ்சம் பெரிதாக.

மூக்குக்குக் கீழே விரலை வைத்தான். காற்று இல்லை. நெஞ்சில் காதை வைத்தான். பேச்சு மட்டும் உள்ளே அதிர்ந்தது.

மச்சானுக்கு போன் போட்டான்.

"நேத்து எடுத்தது உங்ககிட்ட இருக்கா மச்சான்? வெட்டாதது?"

"அதெல்லாம் உன்கிட்டதானே மாப்ள. வீடியோ பிச்சுக்கிட்டுப் போகுது, பாத்தியா?"

கம்ப்யூட்டரில் அழித்தவை போய்ச் சேரும் குப்பைத்தொட்டியைத் திறந்தான். காலி. மறுபடி திறந்தான். காலி.

"சிட்டு, போதும்டா. அப்பா சொல்றேன்ல. ஒரே ஒரு மூச்சு விடுடா."

"இது கரடி இதுதான் கடைசி!"

கடைசி. அவனுக்குத் தெரியும். அடுத்து டாட்டா. அப்புறம் முகம் திரை முழுக்க. வீடியோவை அங்கேயே உறைய விட்டிருந்தான். அதுதான் நல்ல முடிவு என்று மச்சானும் பாராட்டினார்.

வாயைப் பொத்தினான். உள்ளங்கைக்குள்ளும் பேச்சு நிற்கவில்லை.

"எங்க வீடியோ பிடிச்சிருந்தா சொல்லுங்க!"

"வேண்டாம்டா. அதைச் சொல்லாத."

கண் இமைத்துவிட்டான்.

அவன் கை வெறும் காற்றில் இருந்தது. மூக்கோடு மூக்கு உரசும் தூரத்தில் சிட்டுவின் முகம். அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"டாட்டா!"

ஜன்னலில் சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. சிட்டு சிரித்தபடி இருந்தாள். தூக்கிய கை இறங்கவில்லை.