அம்மாவின் கால் எத்தனை நம்பர்?

நண்டுக்கு அவள் அம்மாவை நினைத்தால் ஒரே பெருமை. காரணம் இல்லாமல் இல்லை. அம்மா செருப்புக் கடையில் வேலை பார்த்தார். யாராவது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நாலடி வைப்பதற்குள், அவர்களுடைய கால் அளவு அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

நண்டு என்பது பட்டப்பெயர். குழந்தையாக இருந்தபோது பக்கவாட்டிலேயே தவழ்ந்தாளாம். இப்போது நேராகத்தான் நடக்கிறாள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பள்ளி விட்டதும் நண்டு கடைக்கு வந்துவிடுவாள். மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்று பேர். கண்ணெல்லாம் அம்மா மேல்தான்.

“அந்த மஞ்சள் சட்டை?” என்று கிசுகிசுப்பாள்.

“ஒன்பது. இடது கால் ஒரு துளி பெருசு,” என்பார் அம்மா.

ஆனாலும் அம்மா அந்தக் கணக்கை நம்பிச் செருப்பைக் கொடுத்துவிட மாட்டார். குட்டை முக்காலியில் உட்கார்ந்து, அளவுப் பலகையைத் தரையில் வைத்து, வந்தவரை எழுந்து நிற்கச் சொல்லி இரண்டு காலையும் அளப்பார். பெரும்பாலும் அவர் முதலில் சொன்ன அளவேதான் வரும்.

இப்படிப்பட்ட அம்மா கொஞ்ச நாளாக நொண்டினார். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

“நாள் முழுக்கக் கல்லுத் தரையில நின்னா வலிக்காம என்ன செய்யும்?” என்று அப்பா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தார். கால் வைத்ததும் சுகமாகத்தான் இருந்தது. மறுநாள் கடைக்குப் போனதும் வலி மறுபடி ஆஜர். டாக்டரிடமும் காட்டியாயிற்று. எலும்பில் கோளாறு எதுவும் இல்லை, நிற்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கடை முதலாளி நல்லவர். வம்பே அதில்தான் வந்தது.

“ஒண்ணாந்தேதியிலேர்ந்து நீங்க உள்ள சரக்கு ரூம்ல உக்காந்துக்கங்கம்மா. பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுனாப் போதும்,” என்றார்.

“சரிங்க சார்,” என்றார் அம்மா. முகம் வாடிவிட்டது.

மூலையில் இருந்த நண்டு நோட்டை மூடினாள். சரக்கு அறையில் ஜன்னல்கூடக் கிடையாது. அங்கே வெறும் பெட்டிகள்தான். ஒரு மனிதரின் காலைக்கூடப் பார்க்க முடியாது. அம்மாவைப் போய் ஸ்டிக்கர் ஒட்ட வைப்பதா?

மறுநாள் மாலை ஒரு வாத்தியார் வந்தார். “எனக்கு எட்டு. கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து எட்டுதான். அளக்கவே வேணாம்,” என்றார்.

“கால் அப்படியே இருக்காதுங்க சார். வயசாக ஆக அகலும். சாயங்காலமானா கொஞ்சம் வீங்கவும் செய்யும்,” என்றபடி அம்மா அளந்தார். ஒன்பது வந்தது.

“பலகை தப்பா இருக்கும்,” என்றார் வாத்தியார்.

நண்டு பென்சிலைக் கீழே வைத்தாள்.

“அம்மா, உன் நம்பர் என்ன?”

“ஆறு.”

“எப்ப அளந்த?”

அம்மா குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

ஊருக்கெல்லாம் கால் அளக்கிற அம்மா தன் காலை அளந்ததே இல்லை. புது மாடல் வரும்போது, கண்ணாடி அலமாரியில் வைக்கக் கம்பெனிக்காரர்கள் ஒரு ஜோடி தனியாக அனுப்புவார்கள். பெண்களுக்கானது என்றால் அது எப்போதும் ஆறாம் நம்பர்தான். அலமாரியில் இருந்து முடித்த ஜோடியை முதலாளி அம்மாவுக்குக் கொடுத்துவிடுவார். அம்மாவும் அதையே போட்டுக்கொள்வார். ஷூ ஆறாம் நம்பர் என்பதால் அம்மாவும் ஆறாம் நம்பர் ஆகிவிட்டார்.

நண்டு ஓடிவந்து முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். “உக்காருங்க மேடம்.”

“அடி வாங்குவ. முதலாளி பாக்குறாரு.”

“ஷூவைக் கழட்டுங்க மேடம்.”

அம்மா சிரித்துக்கொண்டே கழற்றினார். விரல்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. சுண்டுவிரலின் ஓரம் சிவந்து கன்றியிருந்தது. அதைப் பார்த்ததும் நண்டுக்கு விளையாட்டெல்லாம் போய்விட்டது. பலகையைக் கவனமாக வைத்தாள்.

“எழுந்து நில்லுங்க. ரெண்டு கால்லயும் பாரம் இருக்கட்டும்.”

குனிந்து பார்த்தாள். சந்தேகத்துக்கு இன்னொரு முறை பார்த்தாள். “ஏழு. அதுவும் நல்லா அகலமான ஏழு.”

“பலகை தப்பா இருக்கும்,” என்றார் அம்மா.

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க மேடம்.”

வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நண்டு அலமாரியில் தேடி, முன்பக்கம் அகலமாகவும் அடிப்பக்கம் மெத்தென்றும் இருந்த ஒரு ஜோடியை எடுத்துவந்தாள். மாட்டிவிட்டு, விரலுக்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். அம்மா கண்ணாடி வரை நடந்தார். திரும்பி வந்தார். ஆசை தீராமல் இன்னொரு முறை நடந்தார்.

“இதெல்லாம் எங்கடி கத்துக்கிட்ட?” என்றார்.

“உன்கிட்டதான். தினமும் பாக்குறேன்ல?”

வலி ஒரே நாளில் ஓடிவிடவில்லை. முதலில் நொண்டுவது குறைந்தது. பிறகு வீட்டு நாற்காலி அம்மாவின் காலை மறந்துபோனது. ஒன்றாம் தேதி வந்தபோது அம்மா கடை முழுக்கப் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். முதலாளி ஸ்டிக்கர் கட்டைக் கையில் எடுத்தார். அம்மாவைப் பார்த்தார். அதை மேஜை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டார்.

அன்று கூட்டம் எல்லாம் போன பிறகு அவர் மெல்ல வந்து, வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு ஷூவைக் கழற்றினார்.

“எனக்கும் ரொம்ப நாளா விரல் வலிக்குதும்மா,” என்றார் தாழ்ந்த குரலில். “கொஞ்சம் அளந்து பாருங்களேன்.”

அம்மா பலகையை எடுத்தார். துடைத்தார். நண்டைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தார்.