முதல் பக்கத்தில் வேறு கம்பெனி

காலை 9.10.

நாரின் நகரச் சீஸ் தொழிற்சாலையின் இயக்குநர் இஷென் அந்தக் கடிதத்தின் முதல் வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“கேளு உல்கான். ‘தங்கள் பிஷ்கெக் பால் நிறுவனத்தில் பணிபுரிவதே என் நெடுநாள் கனவு.’ கனவு காண்றது தலைநகரத்துல, கடுதாசி போடறது இங்கே. தூக்கிப் போடு.”

பரிசோதனைக்கூடப் பொறுப்பாளர் வேலை ஒன்று. வடிகட்டியதில் மிஞ்சிய விண்ணப்பங்கள் மூன்று. பத்தரைக்கு நேர்காணல் பட்டியலில் கையெழுத்தாக வேண்டும். ஆளெடுப்புப் பிரிவில் இருபது வருடம் குப்பை கொட்டிய உல்கான் அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள்.

எழுத்தர் ஜெய்னெப் தேநீரோடு மற்ற இரண்டு கோப்புகளையும் கொண்டுவந்தாள். “இது எமிலோடது ஐயா. இது அந்த உயரமானவரோடது.”

“பகாஸ்னு பேர் இருக்குல்ல?”

“அவர்தான் ஐயா.”

காலை 9.20.

கடிதத்துக்குச் சொந்தக்காரி புருல் எட்டு மணியிலிருந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொரு வயது. அவள் வேலை பார்த்த பால் சேகரிப்பு நிலையத்தை இலையுதிர் காலத்தில் மூடிவிட்டார்கள். இந்த வேலை கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை மாஸ்கோவுக்கு விமானம். அங்கே தரை துடைக்கும் வேலை. நான்கு வயது மகள் இங்கே தங்கை வீட்டில்.

“வேற கம்பெனிக்கு எழுதினதை மாத்தி வெச்சுட்டியா?” என்றாள் உல்கான்.

“வேற எங்கயும் போடலை அக்கா. பிஷ்கெக்ல வாடகை கொடுத்து என்னால இருக்க முடியுமா? உங்க விளம்பரத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பதினோரு தடவை மாத்தி மாத்தி எழுதினேன். கண்ணை மூடினாலும் அதுதான் ஓடுது.”

“அச்சடிச்சப்புறம் படிச்சுப் பார்த்தியா?”

“என் தங்கச்சிக்கே சத்தமாப் படிச்சுக் காட்டினேன். அவளுக்குத்தான் காது புளிச்சுப் போச்சு.”

பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு சலிப்போடு சொல்வதில்லை. ஆனால் சலிப்பைச் சாட்சியாக இஷெனிடம் காட்ட முடியாது.

காலை 9.35.

உல்கான் தன் மேஜையில் அந்தக் கடிதத்தை விரித்தாள். இரண்டு பக்கம். கையெழுத்து இரண்டாம் பக்கத்தின் அடியில். நடுவில் ஒரு வரி: “தங்கள் பாறை அறையில் முதிரும் சீஸின் ஈரப்பதத்தை நாள்தோறும் அளந்து பதிய விரும்புகிறேன்.”

பாறையைக் குடைந்த அறை இந்த ஒரு தொழிற்சாலையில்தான் உண்டு. பிஷ்கெக்காரர்களிடம் இருப்பதெல்லாம் குளிர்பதனப் பெட்டி.

தன்விவரத் தாளும் அதே கதைதான் சொன்னது. விளம்பரத்தில் முதலில் கேட்டிருந்த கொழுப்புச் சோதனை அனுபவம் முதல் வரியில் நின்றது. பள்ளிப் பரிசு, தையல் சான்றிதழ் ஒன்றும் இல்லை. இந்த வேலைக்கென்றே அளவெடுத்து வெட்டிய தாள். இப்படிப்பட்டவள் கம்பெனி பெயரில் கோட்டைவிடுவாளா?

தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முதல் பக்கத்தின் மூலையில் ஸ்டேப்ளர் பின் குத்திய துளைகள் இரண்டு. இரண்டாம் பக்கத்தில் நான்கு.

காலை 9.42.

“அவளே கழட்டி மாட்டியிருப்பா,” என்றார் இஷென்.

“எதுக்கு? தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கறதுக்கா? நீங்க முதல் வரியோட நிறுத்திட்டீங்க. ரெண்டாம் பக்கம் முழுக்க நம்ம பாறை அறை. யாரோ முதல் பக்கத்தை மட்டும் உருவிட்டு வேற வெச்சிருக்காங்க.”

“கோப்பையே காணாமப் பண்ணியிருக்கலாமே?”

“பதிவேட்டுல எண் விழுந்துடுச்சு. காணாமப் போனா நீங்க தேடச் சொல்லுவீங்க. இப்படிச் செஞ்சா தூக்கிப் போடச் சொல்லுவீங்க. சொன்னீங்களே.”

இஷென் கடிகாரத்தைப் பார்த்தார். “பத்தரை வரைக்கும்தான். அதுக்கு மேல ரெண்டு பேரோட முடிச்சுடுவேன்.”

கோப்புகளைப் பூட்டிவைக்கும் அலமாரியின் சாவி மூவரிடம் இருந்தது. இயக்குநருக்கு இப்படியொரு திருட்டுத்தனம் தேவையில்லை. வேண்டாத ஆளை அவரே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். மிச்சம் இரண்டு பேர்.

காவலாளி ஜுமாஷ் கையை விரித்தார். “பக்கம் அச்சடிக்கவா? கம்ப்யூட்டரை எனக்கு அணைக்க மட்டும்தான் தெரியும் தங்கச்சி. அதுவும் பிளக்கைப் பிடுங்கித்தான்.”

அடுத்து ஜெய்னெப். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். கல்யாணமாகி ஒரு வருடம். கணவன் வீடு எங்கோ மலைக்கு அந்தப் பக்கம். ஆவணங்களில் இன்னும் தகப்பன் வழிப் பெயர்தான்.

“நேத்து யார் யார் எப்போ கொடுத்தாங்க?”

“புருல் சாயங்காலம் அஞ்சு மணிக்கு. எமிலோடது தபால்ல வந்துச்சு. அந்த உயரமானவர் மத்தியானமே கொடுத்துட்டாரு.”

“இவங்கள்ல யாராச்சும் உனக்குத் தெரிஞ்சவங்களா?”

“யாருமே தெரியாது அக்கா.” பதில் சட்டென்று வந்தது.

கல்யாணமானவர்கள் கட்டும் தலைத்துணி அந்தப் பெண்ணின் தலையில் இருந்தது. உல்கானுக்கு என்னவோ தன் வீட்டு ஞாபகம் வந்தது.

காலை 10.05.

பெயர்ப்பட்டியலை ஜெய்னெப்பிடம் நீட்டினாள். இஷெனையும் வாசல்வரை வரச் சொன்னாள்.

“வராந்தாவுல இருக்கிறவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடு.”

ஜெய்னெப் வாசலில் நின்றாள். “புருல்.” புருல் எழுந்தாள். “எமில்.” கண்ணாடி போட்ட ஒருவன் எழுந்தான்.

மூன்றாவது பெயர் வரவில்லை. ஜெய்னெப் பட்டியலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு நடந்துபோய், மூலையில் உட்கார்ந்திருந்த நெட்டை மனிதன் முன்னால் தலைகுனிந்து நின்றாள்.

“வாங்க,” என்றாள்.

“பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன்,” என்றாள் உல்கான்.

ஜெய்னெப் பட்டியலைக் கைக்குள் சுருட்டினாள்.

“காலையில ‘உயரமானவர்’. விசாரிச்சப்பவும் ‘உயரமானவர்’. எமிலுக்குப் பேர் இருக்கு, புருலுக்குப் பேர் இருக்கு, இவருக்கு மட்டும் இல்லை. ஐயா, என் வீட்டுக்காரரோட அண்ணன் பேரை நான் இருபத்துமூணு வருஷமா வாயால சொன்னதில்லை. ‘கணவாய்க்காரர்’னுதான் சொல்லுவேன். புகுந்த வீட்டுப் பெரியவங்க பேரை மருமக சொல்லக்கூடாதுன்னா கூடாதுதான். ஆனா முன்பின் தெரியாத ஆளோட பேருக்கு எந்த மருமகளும் நாக்கைக் கட்டிக்க மாட்டா. பகாஸ் இவளுக்கு மச்சாண்டார், புருஷனோட அண்ணன். பக்கத்தை மாத்தினது ஜெய்னெப்.”

பகாஸ் எழுந்தான். “நீயா?” என்றான் தம்பி மனைவியிடம். அவன் முகம் வெளுத்திருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பதை அதுவே சொன்னது.

ஜெய்னெப் அழுதுகொண்டே பேசினாள். “நாலு மாசமா வீட்ல சும்மா இருக்காரு. ‘ஆபீஸ்ல எதுக்குடி உட்கார்ந்திருக்கே’ன்னு அத்தை தினம் போன் போட்டுக் கேக்கறாங்க. புருலோட முதல் பக்கத்தைப் படிச்சேன். இதுக்கு மேல யாரு எழுதுவான்னு தெரிஞ்சுபோச்சு. கையெழுத்து ரெண்டாம் பக்கத்துல இருந்துது, அதைத் தொட முடியலை.”

“ரெண்டாம் பக்கத்தைப் படிக்கவாவது செஞ்சியா?”

“இல்லைக்கா. நேரமில்லை.”

“முதல் பக்கம் எங்கே?”

“அடுப்புல போட்டுட்டேன்.”

பகாஸ் தன் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனான். உல்கானுக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது. ஜெய்னெப்மேலும்தான்.

காலை 10.24.

இஷென் நாற்காலியில் சாய்ந்தார். “குத்தம் யாருதுன்னு தெரிஞ்சுது, சரி. ஆனா பாதிக் கடுதாசியை வெச்சு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? நாளைக்கு எமில் கேட்டா?”

ஆளெடுப்பு விதி அவர் பக்கம் இருந்தது.

“அந்தப் பக்கத்தை நான் சொல்லட்டுமா ஐயா?” என்றாள் வாசலில் நின்ற புருல்.

காத்திருக்காமல் ஆரம்பித்துவிட்டாள். கையில் தாள் இல்லை, கண் சுவரில் இருந்தது. விளம்பரத்தில் கேட்டிருந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். எத்தனை லிட்டர் பால் சோதித்தாள், எந்தக் கோடையில் கெட்ட பாலைத் திருப்பி அனுப்பி ஊர்ப்பகை சம்பாதித்தாள். குரல் ஓரிடத்தில்கூடத் தடுக்கவில்லை. இஷென் பேனாவால் மேஜையைத் தட்டுவதை நிறுத்தினார்.

“‘இரவு முறைக்கும் நான் வரத் தயாராக இருக்கிறேன். ஏனென்றால்...’” என்று சொல்லி நிறுத்தினாள். “முதல் பக்கம் அவ்வளவுதான் ஐயா.”

இஷென் இரண்டாம் பக்கத்தை எடுத்து, முதல்முறையாக அதன் உச்சி வரியைப் படித்தார், சத்தமாக.

“‘பால் மணி பார்த்துக் கெடுவதில்லை.’”

அவர் பட்டியலை இழுத்து, பகாஸ் பெயரை அடித்து, புருல் பெயரை மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.