கதவு வரையாத அறை

துளையிலிருந்து உதிர்ந்த தூள் கதகதப்பாக இருந்தது. கட்டட வடிவமைப்பாளரான ஐலா அதை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். வடக்குச் சுவர். அந்தப் பக்கம் தோட்டம், முழங்கால் அளவு பனி. தூள் சில்லென்றல்லவா இருக்க வேண்டும்? துளைபோடும் கருவியின் சூடு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை.

மணி மூன்றுதான். டிசம்பர் என்பதால் ஜன்னல்களில் அதற்குள் இருட்டு அப்பியிருந்தது. எழுபது வருடம் முன்பு கட்டிய வீடு. தட்டைக் கூரை, வெள்ளையடித்த செங்கல், தோட்டத்தைப் பார்த்து நீண்ட கண்ணாடி. ஃபின்லாந்துக்கே பெருமை என்று மரபுக் கட்டடங்களின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பக்கவாதத்தில் இடப்பக்கம் முழுக்க விழுந்துவிட்ட வெய்க்கோ, மாடியிலுள்ள படுக்கைக்கு எப்படி ஏறுவார் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. கீழே வடக்குச் சுவரை ஒட்டி ஓர் அறை கட்டாவிட்டால் அவரை முதியோர் இல்லத்தில் விட வேண்டியதுதான். அந்தப் பேச்சை எடுத்தாலே அவர் மனைவி ஸிர்க்காவுக்குக் கண் கலங்கிவிடும்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவில்லை. பாதுகாப்புக் குழு ஆறு முறை வரைபடத்தைத் திருப்பி அனுப்பியது. பழைய வீட்டின் ஜன்னல் உயரம், செங்கல் கனம், கூரை மட்டம் என்று எதிலும் ஐலா பிசகவில்லை. கதவுக்காக அசல் சுவரை உடைப்பதில்தான் ஒவ்வொரு முறையும் முட்டுக்கட்டை. ஏழாவது முறை வெறுத்துப்போய்க் கதவே இல்லாமல் வரைந்து கொடுத்தாள். 'கதவின் இடம், சோதனைத் துளைக்குப் பிறகு' என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. அவள் தொழிலில் எல்லாரும் செய்கிற தந்திரம்தான். மறுநாளே ஒப்புதல் வந்துவிட்டது.

"என்ன, அசந்துட்டியா?" ஸிர்க்கா காபியோடு வந்தாள். "வெய்க்கோவைக் கட்டிக்கச் சரின்னு சொல்ல எனக்கு ஏழு நிமிஷம் ஆச்சு. இந்த மகராசன்களுக்கு ஏழு மாசம்!"

"அவர் தூங்கறாரா?"

"கூடத்துல நாற்காலியில இருக்காரு. காலையிலேர்ந்து அங்க வரைக்கும் நீளுற இதே சுவரையே வெறிச்சுப் பாக்கறாரு. அறை கட்டி முடிஞ்சாச்சுன்னு நெனப்போ என்னமோ, பாவம்."

ஐலா மறுபடி கருவியை அழுத்தினாள். முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில் அது சட்டென்று வழுக்கி அந்தப் பக்கம் போயிற்று. கட்டைவிரல் அகலத் துளை. பனிக்காற்று முகத்தில் அறையும் என்று விலகி நின்றாள். வந்தது வெதுவெதுப்பான காற்று. புதுப் பைன் பலகை வாசனை, அதோடு வெய்க்கோவின் காலுக்குத் தேய்க்கும் கற்பூரத் தைல நெடி. அப்புறம் ஒரு கட்டில் முனகிய சத்தம்.

குனிந்து பார்த்தாள்.

மஞ்சள் வெளிச்சம். அவள் வரைந்த தாழ்ந்த ஜன்னல். அவள் வரைந்த அலமாரி. கட்டில் நுனியில் கம்பளிக் காலுறை போட்ட ஒரு பாதம்.

"ஸிர்க்கா... அவரைப் பாருங்க."

கூடத்தில் சக்கர நாற்காலி காலியாக இருந்தது. போர்வையில் இன்னும் சூடு. வாசல் கதவு உட்பக்கம் பூட்டியபடியே இருந்தது.

இருவரும் வெளியே ஓடினார்கள். வீட்டைச் சுற்றி வடக்குப் பக்கம். அறை இல்லை. அஸ்திவாரம்கூட இல்லை. யார் காலும் படாத பனி. வெறும் சுவர். அதில் அந்தத் துளை.

ஸிர்க்கா அதில் வாயை வைத்து அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாள். உள்ளே எதுவோ தட்டியது. ஒரு முறை. நிதானமாக. பிறகு வேகமாக.

"கதவைத் திற, ஐலா! கதவை எங்கடி வச்ச?"

ஐலா சுவரில் காதை வைத்தாள். சுவர் நெடுகத் தட்டும் சத்தம் நகர்ந்தது. மூலைக்குப் போனது. திரும்பி வந்தது. நின்றது.

முப்பது சென்டிமீட்டர் கனச் சுவரின் துளையிலிருந்து ஒரு விரல் வெளியே நீண்டது. செயலற்றுப்போன இடது கையின் விரல், கல்யாண மோதிரத்தோடு. குளிர்ந்த காற்றை ஒருமுறை தடவிப் பார்த்தது. பிறகு மடங்கி, துளையின் விளிம்பைச் சுரண்டத் தொடங்கியது.