இன்னும் பத்தடி

முதல் படத்திலேயே காலடித் தடம் விழுந்திருந்தது.

அவன் கேமராத் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். உறைந்த ஏரி, அதன்மேல் சாண் உயரத்துக்குப் பனி, எதிர்க்கரையில் மூன்று ஊசியிலை மரங்கள், அவற்றின் பின்னால் மாலை வெயிலின் கடைசிச் சிவப்பில் மலைமுகடு. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஏரியின் நட்டநடுவில் மட்டும் ஏழெட்டுத் தடங்கள். நிமிர்ந்து கண்ணால் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை.

பனிக்காலத்தில் படம் எடுக்கிறவர்களுக்கு ஓர் எழுதாத சட்டம் உண்டு. கேமராவுக்கு முன்னால் இருக்கும் பனியை மிதிக்கக் கூடாது. மிதித்தால் அடுத்த பனி விழும்வரை அந்த இடம் பாழ். அதனால் கரையைச் சுற்றி, புதருக்குள் புகுந்து, பின்பக்கமாகத்தான் வருவார்கள். அவனும் அப்படி வந்துதான் முக்காலியை நட்டு, முப்பது வினாடிக்கு ஒரு படம் தானாக விழும்படி வைத்திருந்தான்.

போன வருடம் அந்தச் சட்டத்தை மீறியவனும் அவன்தான். மலைநாட்டின் பத்துப் பனிக்காட்சி இடங்களைப் பற்றி ஒரு புத்தகம். அட்டைக்கு இந்த ஏரி. நடுவில் ஓர் ஆள் நின்றால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. பை தூக்க வந்திருந்த மனைவியின் தம்பியைச் சிவப்புக் கம்பளிச் சட்டையோடு பனிக்கட்டியின் மேல் அனுப்பினான்.

"மாமா, போதுமா?"

"இன்னும் பத்தடி."

"காலுக்கடியில என்னமோ நெரியுது மாமா."

"அட பயந்தாங்கொள்ளி! பத்தடிதான், போடா."

பனிக்கட்டி பிளந்தபோது அவன் ஓடவில்லை. விரல் கேமராப் பொத்தானை ஒன்பது தடவை அழுத்தியது. அதற்கப்புறம்தான் ஓடினான். வீட்டில், "சொல்லச் சொல்லக் கேக்காம அவனாத்தான் போனான்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அந்த அழுகையில் பாதி நிஜம். விழுவதற்கு முன் எடுத்த படத்திலிருந்து ஆளையும் தடங்களையும் கணினியில் சுத்தமாக அழித்தான். மனிதக் கால் படாத ஏரி என்று அட்டையில் போட்டார்கள். படத்துக்கு ஏகப்பட்ட பாராட்டு.

இப்போது மறுபதிப்பு, அதற்குப் புது அட்டைப்படம். தம்பி போன இடத்தை ஒரு தடவை பார்க்கணும் என்று மனைவியும் கூடவே வந்துவிட்டாள். இறங்கி வந்தால் அழுவாள், அழுதால் கேள்வி கேட்பாள், கேட்டால் உளறிவிடுவோம் என்ற பயத்தில் அவளை மேலே சாலை வளைவில் காருக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டு வந்திருந்தான்.

க்ளிக்.

இரண்டாவது படத்தில் தடங்கள் கூடியிருந்தன. அவன் அழித்த இடத்தில் தொடங்கி, கரையை நோக்கி வந்தன. இடது கால் சற்று வெளியே திரும்பிய நடை. அந்த நடையை அவனுக்குத் தெரியும்.

க்ளிக். பாதி ஏரி. சட்டியின் அடியைச் சுரண்டுவதுபோல் பனிக்கட்டிக்கு அடியில் ஒரு சத்தம்.

க்ளிக். முக்காலிக்கு முன்னால். நனைந்த கம்பளியின் வாடை மூக்கில் ஏறியது.

க்ளிக். தடங்கள் அவனைத் தாண்டிப் போயிருந்தன. மேலே. சாலைப் பக்கம்.

கார்க்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அவள் இறங்கி வந்தாள். சிவப்புச் சால்வை. வலது கையை யாரோ பிடித்திருப்பதுபோல் பக்கவாட்டில் நீட்டியிருந்தாள். கண்கள் அவனைப் பார்க்கவில்லை.

"எங்க போற? நில்லு!"

"தம்பி வந்து கூப்பிட்டான். படத்துக்கு ஒரு ஆள் வேணுமாமே?"

சால்வை நுனியை எட்டிப் பிடித்தான். ஈரமாக இருந்தது. கையிலிருந்து வழுக்கியது. பின்னாலேயே ஓடியவன் கரை விளிம்பில் நின்றுவிட்டான். பனிக்கட்டி எவ்வளவு தாங்கும் என்று அவனுக்குத் தெரியும். உயிர் அவ்வளவு வெல்லம்.

அவள் நடு ஏரியில் திரும்பினாள்.

"போதுமாங்க?"

திரும்பி வா என்று கத்த வாயைத் திறந்தான். குரல் வந்தது. அவன் குரல்தான். போன வருடத்துக் குரல்.

"இன்னும் பத்தடி."

அவள் நடந்தாள்.

பிளந்தது. சிவப்பு மறைந்தது. கறுப்புத் தண்ணீர் இரண்டு தடவை தளும்பி அடங்கியது.

க்ளிக்.

இந்தத் தடவையும் அவன் ஓடவில்லை. தவழ்ந்து முக்காலிக்குப் போய்த் திரையைப் பார்த்தான். ஏரி. மரங்கள். முகடு. ஓட்டை இல்லை. அவள் போன தடம் இல்லை. யாரோ சுத்தமாக அழித்திருந்தார்கள்.

க்ளிக். நடுவிலிருந்து தடங்கள். இரண்டு வரிசை.

க்ளிக். பாதி ஏரி.

க்ளிக்.

முக்காலிக்கு முன்னால், சரியாகப் பத்தடியில், ஒரு பெரிய ஜோடியும் ஒரு சின்ன ஜோடியும் நுனி அவனைப் பார்த்தபடி அருகருகே நின்றிருந்தன.