உச்சி ஸ்டேஷனில் ஒரு மூச்சு குறைகிறது!

போன் அலறியது.

ஸ்டேஷன் மாஸ்டர் அதையே வெறித்துப் பார்த்தார். எடுக்கவில்லை. நின்றது. மறுபடியும் அலறியது.

எடுத்தார்.

"அண்ணா! அவர் ஏன் போனை எடுக்க மாட்டேங்கறார்?"

தங்கை! மலையடிவாரத்தில், ரயில்வே குவார்ட்டர்ஸில், ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள்.

"தூ... தூங்கறார்மா."

"இன்னுமா? வண்டியை மேலே ஏத்திட்டுப் படுத்தவர் இவ்வளவு நேரமா தூங்குவார்?"

"களைப்பா இருக்கும்..."

"சாப்பிட்டாரான்னாவது கேட்டியா?"

"ம்."

போனை வைத்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, சட்டைக்குள் அவருக்கு வேர்த்து ஊற்றியது.

அடுத்த அறைக் கட்டிலில் தங்கையின் கணவன், காலை வண்டியின் டிரைவர், கம்பளியைக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். மூக்கில் ஆக்சிஜன் மாஸ்க். உதடுகள் நீலம்.

அவன் இனி யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கப் போவதில்லை!

'நான்தான்... நானேதான் கொன்னுட்டேன்!'

ஸ்டேஷன் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

அது மேகத்துக்கும் மேலே ஓடுகிற ரயில். அங்கே காற்றுக்கே ரேஷன்! இன்ஜின்கூட பாதி பலத்தில்தான் இழுக்கும். தண்டவாளத்தில் பனி உறையும், சக்கரம் வழுக்கும், மணல் தூவித் தூவி ஏற வேண்டும். வண்டியை மேலே கொண்டு வந்த டிரைவர், உடனே ஆக்சிஜனை மாட்டிக்கொண்டு படுத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

அந்தச் சட்டத்தில்தான் ஸ்டேஷன் மாஸ்டர் கை வைத்தார்.

காலையில் மாப்பிள்ளை வண்டியை ஒப்படைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஓய்வறையில் இருந்த நிறை சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலி சிலிண்டரை அங்கே வைத்தார்.

கொல்வதற்கு அல்ல! தலைவலி வரட்டும். இரண்டு வாந்தி எடுக்கட்டும். 'மலைக்கு லாயக்கில்லை' என்று கீழே மாற்றிவிடுவார்கள். குழந்தை பிறக்கும்போது அப்பன் பக்கத்தில் இருப்பான்.

"எப்படியாவது அவரைக் கீழே கொண்டு வந்துடு அண்ணா" என்று தங்கை கேட்டு அழுதிருந்தாள்.

கொண்டு வரப் போகிறார்... பிணமாக!

ஸ்பெஷல் வண்டி ஒன்று மூச்சிரைக்க வந்து நின்றது. இன்ஜினும் ஒரே ஒரு பெட்டியும்.

இறங்கிய பெண் இன்ஸ்பெக்டருக்கு இன்ஜினை விட அதிகமாக மூச்சிரைத்தது. தோளில் தண்ணீர் பாட்டில். பின்னால் ஒரு கான்ஸ்டபிள்.

"எ... எங்கே... பாடி?"

"உள்ளே மேடம். முதல்ல உட்காருங்க."

"தலை... தெறிச்சுடும் போல இருக்கு. ஆக்சிஜன் இருக்கா?"

அந்த ஸ்டேஷனில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சிலிண்டர்தான். அவருடைய மேஜைக்கு அடியில் இருந்தது.

மாப்பிள்ளையிடமிருந்து திருடிய சிலிண்டர்!

வேறு வழியில்லை. எடுத்துக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

"ஆஹா... இப்பத்தான் உயிர் வந்துச்சு!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சிலிண்டரைக் கைக்குழந்தையாக இடுப்பில் இடுக்கிக்கொண்டு பிணத்தைப் பார்த்தாள் இன்ஸ்பெக்டர். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சிலிண்டரின் அளவு காட்டும் முள் பூஜ்யத்தில் கிடந்தது.

"சுத்தமா காலி! இதை யார் வைக்கறது?"

"பிரேக்மேன் மேடம். கீழேயிருந்து காலை வண்டியில கொண்டு வந்து மாட்டுவார்."

"எந்த பிரேக்மேன்?"

"உங்க வண்டியில வந்தாரே, அவர்தான்."

பிரேக்மேன் உள்ளே வந்து பிணத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். இடுப்புயரக் கம்பளிக் கோட்டு. பிரேக் சக்கரம் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன கைகள்.

"அம்மா, சத்தியமா நான் நிறை சிலிண்டர்தான் வெச்சேன்! முள்ளைப் பார்த்துட்டுத்தான் வெச்சேன்!"

"அப்புறம் எப்படிக் காலியாச்சு? நேத்து உனக்கும் இவருக்கும் சண்டையாமே? இன்ஜின் டிரைவர் வழியில சொன்னார்."

"சண்டை போட்டது உண்மைதாம்மா. 'நீ கொண்டு வர்ற சிலிண்டர் எதுவும் உருப்படி இல்ல, எவ்வளவு இழுத்தாலும் தலைவலி போக மாட்டேங்குது, மேலிடத்துக்குச் சொல்லப் போறேன்'னு கத்தினார். நானும் கத்தினேன். சிலிண்டரை ரொப்பறதும் சோதிக்கறதும் ரயில்வே டாக்டர். நான் வெறும் சுமைதூக்கி. என்னை எதுக்குத் திட்டணும்?"

இன்ஸ்பெக்டர் கீழே இருந்த டாக்டருக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் குரல் கணீரென்று வந்தது.

"ரொம்ப வருத்தமான விஷயம், இன்ஸ்பெக்டர்! நல்ல பையன்."

"நீங்க மேலே வந்து பாடியைப் பார்க்க முடியுமா டாக்டர்?"

"ஐயையோ! என் இதயத்துக்கு அந்த மலை ஆகாது. அங்கே ஏறியே வருஷக்கணக்காச்சு. கீழே கொண்டு வாங்க, பார்க்கறேன்."

போனை வைத்தாள். கான்ஸ்டபிளைப் பார்த்தாள்.

"பிரேக்மேனுக்கு விலங்கு மாட்டு!"

"அம்மா! எனக்கு ரெண்டு பொண்ணுங்கம்மா!"

க்ளிக்!

ஸ்டேஷன் மாஸ்டர் வாயைத் திறந்தார். 'நான்தான்' என்ற ஒரு வார்த்தை. அது தொண்டை வரை வந்தது. தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது. விழுங்கிவிட்டார்.



பிணத்தைப் பெட்டியில் ஏற்றினார்கள். உறவுக்காரர் என்பதால் ஸ்டேஷன் மாஸ்டரும் கூடவே ஏறினார். இன்ஸ்பெக்டர் கொடியை ஆட்டச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

வண்டி நகரவில்லை.

இன்ஜினிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"மேடம், பிரேக்மேன் இல்லாம இறக்க முடியாது."

"ஏறும்போது நல்லாத்தானே வந்தது?"

"ஏறறதுக்கு இன்ஜின் போதும். இறங்கறதுக்குத்தான் ஆள் வேணும். இன்ஜின் பிரேக்கை மட்டும் நம்பினா பாதி வழியில காய்ஞ்சு பழுத்துடும். பெட்டியில ஒருத்தர் கை பிரேக்கைப் பிடிச்சே ஆகணும். இன்னைக்குத் தண்டவாளத்துல பனி வேற!"

"வேற பிரேக்மேன்?"

"கீழே இருக்காங்க."

இன்ஸ்பெக்டர் பிரேக்மேனைப் பார்த்தாள். பிரேக்மேன் விலங்கைப் பார்த்தார்.

"கொலைகாரன் கையில நம்ம உயிரைக் கொடுக்கச் சொல்றீங்களா?" கான்ஸ்டபிள் கிட்டத்தட்ட அழுதுவிட்டான்.

"கழட்டு" என்றாள் இன்ஸ்பெக்டர். "நாம போறப்ப அவனும்தான் போவான்."

வண்டி இறங்கியது.

ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமே இல்லை! முதல் வளைவிலேயே சக்கரம் வழுக்கியது. பெட்டி ஒரு உலுக்கு உலுக்கியது. கான்ஸ்டபிள் பிணத்தின் காலைப் பிடித்துக்கொண்டான்.

இன்ஜினிலிருந்து குட்டை விசில்!

பிரேக்மேன் இரும்புச் சக்கரத்தின் மேல் பாய்ந்து சுற்றினார். கிறீச்ச்ச்... இன்னும் கொஞ்சம்... விட்டார்... மறுபடியும் பிடித்தார். அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு பனியில் சறுக்கும். விட்டால் ஓடிவிடும். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கை மட்டும் தன் வேலையைச் செய்தது.

அதை ஸ்டேஷன் மாஸ்டரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தான் ஜெயிலுக்கு அனுப்பப் போகிற மனிதன், தன் உயிரையும் சேர்த்தல்லவா பிடித்துக்கொண்டிருக்கிறான்!

"மேடம்..."

"என்ன?"

"அவரை விட்டுடுங்க. நான்தான் கொலைகாரன்!"

பிரேக்மேன் திரும்பினார்.

"நீ சக்கரத்தைப் பாருய்யா!" கான்ஸ்டபிள் அலறினான்.

ஸ்டேஷன் மாஸ்டர் எல்லாவற்றையும் கொட்டினார். தங்கை அழுதது. காலி சிலிண்டர். தலைவலி. கீழே மாற்றல்.

"நிறை சிலிண்டர் எங்கே?" இன்ஸ்பெக்டர் மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டாள்.

"உங்க... மடியில மேடம்."

இன்ஸ்பெக்டர் மாஸ்க்கைப் பிடுங்கி எடுத்தாள். முள்ளைப் பார்த்தாள். நன்றாக இறங்கியிருந்தது. நெற்றியைத் தடவினாள். முகத்தில் ஏதோ கணக்கு ஓடியது.

"முதல்ல உயிர் வந்த மாதிரி இருந்ததே... அது மாஸ்க்கை மாட்டினோம்கிற தைரியம்தான் போல. இவ்வளவு இழுத்தும் இன்னும் தலை வலிக்குதே, ஏன்?"



டக்!

"யாரு அது?" இன்ஸ்பெக்டர் துப்பாக்கியில் கை வைத்தாள்.

"உங்க பாட்டில் மேடம்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர் சுரத்தே இல்லாமல். "மேலே தண்ணி குடிச்சுட்டு மூடினீங்க இல்லையா? அங்கே காத்து லேசு. கீழே இறங்க இறங்கக் காத்து கனமாகி பாட்டிலை நசுக்கும். எங்களுக்குப் பழகின சத்தம்."

பாட்டிலின் விலா ஒடுங்கியிருந்தது. இன்ஸ்பெக்டர் அதை மறுபடியும் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அடிவார ஸ்டேஷன்.

பிளாட்பாரத்தில் டாக்டர் தோல் பையோடு காத்திருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் இறங்கினார். அப்படியே பெஞ்சில் சரிந்தார்.

"பாவம், சொந்தக்காரர் இல்லையா? இந்தாங்க, முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க."

டாக்டர் பையிலிருந்து பாதி காலியான பாட்டிலை எடுத்து நீட்டினார்.

ஸ்டேஷன் மாஸ்டர் வாங்கினார். மூடியைத் திருகப் போனார்.

விரல்கள் நின்றன.

பாட்டிலின் விலா ஒடுங்கியிருந்தது!

நிமிர்ந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் பிடித்தாள். ஒட்டிப் பிறந்த இரட்டை!

"டாக்டர், இந்த பாட்டிலை எங்கே மூடினீங்க?"

"எ... என்ன கேள்வி இது? வீட்டுலதான்!"

"வீட்டுல மூடின பாட்டில் ஏன் பட்டினி கிடந்த மாதிரி இருக்கு? மலை மேல மூடினாத்தானே இப்படி ஆகும்? நீங்கதான் மலை ஏறியே வருஷக்கணக்காச்சே!"

டாக்டர் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் நிறுத்தவில்லை. தீக்குச்சியைக் கொளுத்தி ஊதினாள். நுனியில் கங்கு மட்டும் மினுங்கியது. மாஸ்க் குழாயைக் கழற்றி, சிலிண்டரைத் துளியாகத் திறந்து, கங்கை அந்த வாயருகே பிடித்தாள்.

"உள்ளே இருக்கறது ஆக்சிஜன்னா இது குப்புன்னு பத்திக்கணும். பள்ளிக்கூடத்துல படிச்சது."

கங்கு சிணுங்கியது. கறுத்தது. அணைந்தது.

"காத்து! வெறும் காத்து! ஆக்சிஜனை வெளியில வித்துட்டு, இவங்களுக்குக் காத்தை ரொப்பி அனுப்பியிருக்கீங்க. டிரைவருக்குத் தலைவலி போகல. மேலிடத்துக்குச் சொல்றேன்னார். அது உங்க காதுக்கு வந்திருக்கு. அதனால இன்னைக்குக் காலை வண்டியிலயே யாருக்கும் அடையாளம் தெரியாம, குல்லா, கண்ணாடி, மப்ளர்னு சுற்றுலாக்காரங்களோட ஏறிப் போயிருக்கீங்க. என்ன கொடுத்தீங்க?"

டாக்டர் ஓடப் பார்த்தார். குறுக்கே பிரேக்மேன் நின்றார். காய்த்துப்போன கை டாக்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. பிடித்தால் நிறுத்தத் தெரிந்த கை அது.

"தூ... தூக்க மாத்திரை!" டாக்டர் உடைந்தார். "தலைவலிக்குன்னு சொல்லிக் கொடுத்தேன். அந்த உயரத்துல அதிகமாப் போட்டுத் தூங்கினா... மூச்சு அடங்கிடும்..."

க்ளிக்! விலங்கு இந்த முறை சரியான கைக்குப் போனது.

ஸ்டேஷன் மாஸ்டர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அப்போ... நான் கொல்லலையா மேடம்?"

"இல்ல. நீங்க காலி சிலிண்டர் வெச்சாலும் ஒண்ணுதான், வைக்காட்டியும் ஒண்ணுதான்."

அவருக்கு நிம்மதி வரவில்லை. அழுகைதான் வந்தது. மாப்பிள்ளை தலைவலி என்று வாய்விட்டுச் சொல்லியும், அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல், அதே தலைவலியை அவனுக்கு வரவழைக்கத் திட்டம் போட்டவர் அல்லவா! பிரேக்மேனின் கையைப் பிடித்துக்கொண்டார். பிரேக்மேன் கையை உதறவில்லை.

போன் அலறியது.

"அண்ணா! அவர் எழுந்துட்டாரா?"

இந்த முறை ஸ்டேஷன் மாஸ்டர் பொய் சொல்லவில்லை.

"வீட்டுக்கு வர்றேன்மா. உன்கிட்ட நேர்ல சொல்லணும். நான் பண்ணினதையும் சேர்த்துச் சொல்லணும்."

எதிர்முனையில் அவள் எதையோ புரிந்துகொண்டு விம்மும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் இன்ஸ்பெக்டர் முன்னால் நீட்டினார்.

"அதுக்கு முன்னாடி என்னையும் அரெஸ்ட் பண்ணுங்க மேடம். அந்த சிலிண்டரைத் திருடினது நான்தானே!"

இன்ஸ்பெக்டர் அந்தக் கைகளை மெல்லக் கீழே இறக்கிவிட்டாள்.

"உங்களுக்கு விசாரணை நிச்சயம் உண்டு. ஆனா முதல்ல தங்கச்சிகிட்ட போங்க. மத்தபடி, வெறும் காத்தைத் திருடினதுக்கு எந்தச் சட்டத்தைய்யா நான் தேடுவேன்? அதுவும் திருட்டுப் பொருள்ல முக்கால்வாசியை இழுத்துத் தீர்த்தவளே நான்தான்!"