மாவுக்கும் குளிரும்

அப்பா கடிகாரம் பழுது பார்ப்பவர். அவர் கை பட்டால் செத்த கடிகாரமும் எழுந்து ஓடும். சோறு, தூக்கம், நடை எல்லாமே அவருக்கு மணி பார்த்துத்தான். மகளுக்கு அதில் கொள்ளைப் பெருமை. சும்மா இருக்கவே மாட்டாள் என்பதால் வீட்டில் அவள் பெயர் எறும்பு.

ஆனால் புது வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பா சுடும் பிரெட் மட்டும் செங்கல்லாக வந்தது. அம்மா ரயில் ஓட்டுபவர். போன வாரம் பசியோடு வந்தவர், அதைக் கடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று பொய் சொன்னார். அப்பாவின் முகம் வாடிப்போனது.

இன்று அம்மா மறுபடி வருகிறார்.

"மாவு பிசைஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு. அடுப்புல வச்சிரலாம்," என்றார் அப்பா.

எறும்பு எட்டிப் பார்த்தாள். மாவு கொஞ்சமும் உப்பவில்லை. சில்லென்ற தரையில் கால் மாற்றி மாற்றி நின்றாள்.

"அப்பா, பழைய வீட்டுச் சமையலறை கதகதன்னு இருக்கும். இங்க எனக்கே போர்வையை விட்டு எழுந்திரிக்க மனசு வரல. மாவுக்கு மட்டும் வருமா?"

"மணி ஆயிடுச்சே!"

"உங்களுக்கு ஆயிடுச்சு. மாவுக்கு ஆகல."

ஒரு துண்டு மாவைக் கிள்ளி, கண்ணாடி டம்ளரில் அமுக்கினாள். அதைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் டம்ளரைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டை மாட்டினாள்.

"இதுவரைக்கும் ஏறினாதான் அடுப்பு!"

அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நிமிடத்துக்கொருமுறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எறும்பு நாற்காலியில் ஏறி, கடிகாரத்தின்மேல் துண்டைப் போர்த்தினாள்.

"பாவம், அதுக்கும் குளிருது."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

மாவு மெல்ல மெல்ல ஏறியது. அம்மா வந்தபோது கொஞ்சம்தான் பாக்கி.

"என்னங்க, பசி உயிர் போகுது! இன்னும் எவ்வளவு நேரம்?"

அப்பா டம்ளரைத் தூக்கிக் காட்டினார். "இன்னும் ஒரு விரல் அளவு!"

அம்மா ஒன்றும் புரியாமல் விழித்தார்.

ரப்பர் பேண்டை மாவு தொட்டதும் அடுப்பு வேலை தொடங்கியது. வீடெல்லாம் மணந்தது. பிரெட் பஞ்சாக வந்திருந்தது!

"கடிகாரக்காரனுக்கே நேரம் பார்க்கக் கத்துக் கொடுத்துட்டியே, எறும்பு!" அப்பா அவளை அப்படியே தூக்கிக்கொண்டார்.

இந்த முறை அம்மா பொய் சொல்லவில்லை. வாய் நிறைய பிரெட்டோடு மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டினார்.